சரிதா யாரிடமும் சொல்லவில்லை

காலை ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஓசூர் சிப்காட்டில் செல்போன் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் கேட்டில் பெண்கள் வரிசையாக நின்று, போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆப்பில் முகம் பதிந்தால்தான் அட்டெண்டன்ஸ். சரிதாவின் போனில் மட்டும் 'அலுவலகத்தை அணுகவும்' என்று வந்தது.

"சர்வர் கோளாறா இருக்கும்டி, போய்க் கேளு" என்றாள் பின்னால் நின்ற நிர்மலா.

எச்.ஆர். ஹரீஷ்குமார் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் கான்ட்ராக்ட் இன்னியோட முடியுதும்மா. ஐடி கார்டைக் குடுத்துடு."

"இன்னும் ஒரு வருசம் நீட்டிச்சாச்சுன்னு போன வாரந்தான் சூப்பர்வைசர் சொன்னாரு. என் பீஸ் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலீங்களே சார்."

"வேலையில குறை இல்லம்மா. சால்டரிங் லைன்ல புகை ஜாஸ்தி. இந்த நிலைமையில ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிதான் பதில் சொல்லணும்."

"எந்த நிலைமையில?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். மேப்பில் ராயக்கோட்டை ரோட்டு ஸ்கேன் சென்டரின் மேல் இரண்டு சிவப்புப் புள்ளிகள். இரண்டும் அவளுடைய வார விடுமுறை நாட்களில் பதிந்தவை. கீழே, பிரசவத் தேதியோடு சென்டரிலிருந்து அவளுக்கு வந்த மெசேஜ், எழுத்து மாறாமல்.

 போன வருஷம் மூன்றாம் மாசத்தில் சரிதாவுக்குக் கரு கலைந்தபோது, நல்ல சேதி சொன்ன ஒவ்வொருவருக்கும் அதையும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை நாலாம் மாசம் பிறக்கட்டும் என்று புருஷன் மாதேஷிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

"யாரைக் கேட்டு என் போனைப் பாத்தீங்க?"

"ஆப் போடறப்ப எல்லாத்துக்கும் ஓகே குடுத்திருக்கியே."

"அது இங்கிலீஷ்ல இருந்துச்சு. அமுக்கலன்னா உள்ள விடமாட்டோம்னு நீங்கதான சொன்னீங்க?"

அவன் மேஜைமேல் இருந்த டப்பாவை நகர்த்தி வைத்தான். அதில் ஏற்கனவே நாலைந்து கார்டுகள் கிடந்தன. சரிதா தன்னுடையதைக் கழற்றிப் போட்டாள்.

உத்தனப்பள்ளி பஸ் சானமாவுக் காட்டைத் தாண்டும்போது ஆப்பை அழித்தாள். வேலை போனதை முதலில் சொல்வதா, குழந்தையை முதலில் சொல்வதா என்றுதான் வழியெல்லாம் யோசித்தாள்.

ரோஜாத் தோட்டத்து வேலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மாதேஷ் வாசலிலேயே நின்றான். "இன்னாடி, சீக்கிரம் வந்துட்ட?"

"உக்காருங்க, சொல்றேன்."

அவள் களி உருட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் களி. மாதேஷ்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சரிதா மேடமுங்களா? பெங்களூர்லருந்து, இன்சூரன்ஸ். உங்க கம்பெனியோட எங்களுக்கு டை-அப் இருக்கு. கங்கிராஜுலேசன்ஸ் மேடம்!"

"எதுக்கு?" என்றான் மாதேஷ்.

"நீங்க அவங்க ஹஸ்பெண்டா சார்? உங்களுக்கும் வாழ்த்துக்கள். டெலிவரி டேட் பிப்ரவரி பதினெட்டுதானே?"

மாதேஷ் போனைப் பிடித்தபடியே சரிதாவின் வயிற்றைப் பார்த்தான். அவள் களி ஒட்டிய கைகளை நீட்டியவாறே நின்றாள். அந்தக் குரல் பாலிசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனது.