வீட்டுக்குள் வரக்கூடாத பூ

பூவும் தண்ணீருமாக இருந்த முட்டைக் கிண்ணத்தை நைஜெல் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது கீழே வாசற்கதவு திறந்தது. தேவாலயத்திலிருந்து அம்மா வந்துவிட்டாள். கட்டிலில் அப்பா இறந்துபோயிருந்தார், சற்று முன்புதான். அதைச் சொல்வதற்கு முன்னால் பூவை ஒளிப்பதுதான் ஐம்பது தாண்டிய மகனுக்கு அவசரமாகப் பட்டது. பர்மிங்காமில் குளியல் தொட்டி விற்கிறவனுக்கு இந்த மாதிரி நேரங்களில் வேறு என்ன தோன்றும்?

அந்த அறைக்குப் பூ புதிதல்ல. அப்பா எட்வின் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அம்மா வினிஃப்ரெட் தோட்டத்தையே வெட்டி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். முள் இலையும் சிவப்புப் பழமுமாக ஹோலி மரக் கிளை, ஐவிக் கொடி, இலையில்லாத குச்சியில் பூத்த மஞ்சள் மல்லிகை. ஜன்னலோரம், அலமாரி மேல், மருந்துப் புட்டிகளுக்கு நடுவே எங்கும் ஜாடிகள். சாவு வந்தால் நிற்க இடம் இருக்கக்கூடாது என்பதுபோல.

ஒன்றுதான் வரவில்லை, ஸ்னோட்ராப். தலை கவிழ்ந்த அந்தச் சின்ன வெள்ளைப் பூ வீட்டுக்குள் வந்தால் வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போவார். இவர்கள் இருக்கும் ஹெரிஃபோர்ட்ஷயரில் இது தெரியாத கிழவர்கள் இல்லை. கல்யாணமாகி வந்த வருஷமே தோட்டத்திலிருந்த அதன் கிழங்கையெல்லாம் வினிஃப்ரெட் தோண்டி எறிந்துவிட்டாள்.

காலையில் அவள் கிளம்பியதும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"உங்கம்மா போயாச்சா?"

"போயாச்சுப்பா. ஞாயித்துக்கிழமைக்குப் பூ அடுக்கணுமாம்."

"நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னாடி ஸ்னோட்ராப் பூத்திருக்கும். கொஞ்சம் பறிச்சிட்டு வாடா."

"அம்மா கொன்னுடுவாங்க."

"என்னையா? சீக்கிரம் வரச் சொல்லு."

கிழவருக்குக் குறும்பு இன்னும் போகவில்லை என்று நைஜெல் சிரித்துக்கொண்டே போனான். முட்புதர் கையைக் கிழித்தது.

அவித்த முட்டையை நிறுத்திவைக்கிற சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பூவைக் கட்டிலருகே வைத்தான். குளிரில் இறுக மூடியிருந்த பூக்கள் அறையின் சூட்டில் திறக்கத் தொடங்கின. காற்று இல்லை, யாரும் தொடவில்லை. வெள்ளை இதழ்கள் தாமாகவே மெல்ல விலகிச் சிறகுபோல் விரிந்தன. லேசாகத் தேன் வாசனை. அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா," என்றார்.

"இங்கதாம்ப்பா இருக்கேன்," என்றான் நைஜெல்.

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. டீ போட்டுக்கொண்டு வந்தபோது அவருடைய கோப்பைக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

இப்போது அம்மா அறை வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள். அருகே போய் அவர் கன்னத்தைத் தொட்டாள். போகிற உயிருக்கு வழி விடும் ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு காற்றை முகர்ந்தாள்.

"என்ன வாசனை இது?"

நைஜெலின் கோட்டிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. அவன் கிண்ணத்தை வெளியே எடுத்தான். நசுங்கியும் பூக்கள் விரிந்தே இருந்தன.

"அவர் கேட்டாரா?"

அம்மாவின் குரலில் பயத்தை அவன் அதுவரை கேட்டதில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பூ எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியும். அவர் கேட்டது பூவை அல்ல. இவள் ஒரு குளிர்காலம் முழுக்க ஹோலிக் கிளையால் சாவுக்கு அடைத்துவைத்த கதவை, மகனைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"நான்தாம்மா கொண்டாந்தேன். போற வழியில பாத்தேன். அழகா இருந்துச்சு."

"அழகா இருந்துச்சு!" அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "முட்டைக் கிண்ணத்தால அப்பனைக் கொன்னவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

கோபம் அவளை நிமிர்த்தி நிறுத்தியது. திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை நைஜெல். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு கிளாடிஸிடமும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

"இவன் ஸ்னோட்ராப்பை உள்ள கொண்டாந்துட்டான், கிளாடிஸ்."

"அய்யோ, படிச்ச பையனாச்சே!"

"குளியல் தொட்டியைப் பத்திப் படிச்சான்."

கிளாடிஸ் நாற்காலியைக் கொலைகாரனிடமிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஆனாலும் அவன் நீட்டிய பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

கிளாடிஸ் போன பிறகு, சவப்பெட்டிமேல் வைக்கப் பச்சை வேண்டுமென்று வினிஃப்ரெட் சமையலறை மேசையில், குளிர்காலத்திலும் இலை உதிராத யூ மரக் கிளைகளைப் பரப்பினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேலே மாடிப் பலகை கிரீச்சிட்டது, ஒருவர் எழுந்து ஜன்னலோரம் போகிற மாதிரி. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பழைய வீடு," என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

கிளைகளைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "எங்க பறிச்சே?"

பேச்சுக் கொடுத்தாளே என்ற சந்தோஷத்தில் அவன் யோசிக்கவில்லை. "கொட்டகைக்குப் பின்னாடி."

"அந்த முள்ளுக்குள்ளயா?"

அவன் கீறல் விழுந்த கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அங்க பூ இருக்கறது எனக்கே தெரியாது," என்றாள் வினிஃப்ரெட். "அந்தப் பக்கம் போறவர் அவர் ஒருத்தர்தான்."

நைஜெல் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் ஒரு கிளையை எடுத்தாள். ஜாடியில் தண்ணீருக்குள் நிற்கிற அடிப்பகுதியில் மட்டும்தான் எப்போதும் இலையை உருவுவாள். இன்று அடியிலிருந்து உருவத் தொடங்கிய விரல்கள் நிற்கவில்லை. நுனிவரை போயின. மொட்டைக் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த கிளையை எடுத்தாள்.