புரட்டாசி முடிந்த பிறகும்

புரட்டாசி மாதம் முழுவதும் ரகுபதி அரை வயிறுதான் சாப்பிட்டார். சனிக்கிழமைகளில் அதுவும் இல்லை. கோழி இல்லாமல் சோற்றைத் தொடாத மனிதர் பெருமாளுக்காக இப்படி மாறிவிட்டாரே என்று கமலத்துக்குப் பெருமை. தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

மாதம் முடிந்ததும் கணவரைச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப்போனாள். எங்கும் தீபாவளிக் கூட்டம். வாழையிலையில் மீன் தலைக் கறி வந்தது.

"சாப்பிடுங்க. பெருமாளே லீவு விட்டுட்டாரு லா."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் கரண்டி விழுந்ததற்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு இலையை மூடினார்.

"இன்னும் விரதமா?"

"ம்."

மறுநாள் மாலை, பிடோக் அடுக்குமாடி வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அஃப்னா கமலத்தை நிறுத்தினாள்.

"அக்கா, அண்ணன் கீழ வாய்ட் டெக்ல உக்காந்திருக்காரு. தினமும் பாக்கிறேன். இருட்டினப்புறம்தான் மேல வர்றாரு."

"ஓவர்டைம்னு சொன்னாரே... விரதம்மா அவரு. அதான் சோர்வு."

அஃப்னா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. நாங்களும் நோன்பு வைக்கிறவங்கதான். பொழுது சாஞ்சா கண்ணு சாப்பாட்டு மேலயே இருக்கும். நேத்து அண்ணனுக்கு வடை குடுத்தேன். கையில வச்சுக்கிட்டே இருந்தாரு. இது விரதம் இல்லக்கா. என்னமோ மனசைப் போட்டு அழுத்துது."

கமலத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, தூக்கத்தில் அவர் பல்லை நறநறவென்று கடிப்பதும், குழாய் சொட்டும் சத்தத்துக்குக்கூட எரிந்து விழுவதும் நினைவுக்கு வந்தன. பெருமாளுக்கு நன்றி சொன்ன சனிக்கிழமைகளில் அவள் பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்க்கவே இல்லை.

கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் அவரருகே கல் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மேல வரலாம்ல?"

"லிஃப்ட் வரைக்கும் போறேன் கமலம். கால் வர மாட்டேங்குது." அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "சாங்கி ஏர்போர்ட் கிடங்குல ரெண்டு பேரு வேலைய விட்டுட்டாங்க. அவங்க சரக்கும் என் தலையிலதான். தூங்கினாலும் பெட்டி விழற சத்தம். சோறு தொண்டையில இறங்கல. நீயா விரதம்னு நெனச்சே. எனக்கும் அது வசதியாப் போச்சு."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டு இருந்தியே. எப்படிச் சொல்ல?"

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். நானும் வர்றேன்."

"டாக்டர் என்ன, வேலைக்கு ஆள் குடுப்பாரா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. முதுகில் கை வைத்தாள். சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது.

அஃப்னா வந்து ஒரு ஃபிளாஸ்க் தேநீரை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். பெருமாள் அன்று யார் கையால் வந்தார் என்பதில் கமலத்துக்குச் சந்தேகம் இல்லை.

அவரால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. குடியுங்கள் என்று அவளும் வற்புறுத்தவில்லை.

"மேல போகணுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போலாம். நான் இருக்கேன்."