கலவை அறைக்கு ஒரு மணி

1

பக்கத்து வீட்டில் ஒரு வாரமாக மணி அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கதைக்கு வேறு மூலம் கிடையாது. சிவகாசியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காது கொடுக்க நான் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1964 கோடையில் ஓர் இளம் மேதை...' வேண்டாம். பக்கத்து வீட்டுச் சவரியப்பன் மேதை இல்லை. மதுரையில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஒரு பேப்பரில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். [அவன் அக்காள் சொன்னது. நான் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி நின்றேன்.]

2

அக்காள் ஞானஜோதிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, தீக்காய வார்டு. மாதா கோயிலுக்குப் போய்வந்து நைலான் சேலையைக் கொடியில் உதறியபோது படபடவென்று பொரிந்தது.

"பாத்தியாலே? பட்டாசு மருந்து கலக்குற ரூம்ல வெந்துபோச்சே ராமுத்தாய், அவளும் அன்னைக்கு நைலான்தாம்லே கட்டியிருந்தா."

அப்படிப் பிறந்ததுதான் சவரியப்பன் செய்த அந்தப் பெட்டி. துணி உரசி உடம்பில் மின்சாரம் ஏறிய ஆள் கிட்டே வந்தால் மணி அடிக்கும். கல்லூரிப் போட்டியில் ஜெயித்தது. அடுத்தது பல்கலைக்கழகப் போட்டி. அதிலும் ஜெயித்தால் ஆராய்ச்சிக்கு இடம். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி உக்கிரபாண்டி வீடு தேடியே வந்துவிட்டார்.

"ஜெயிச்சுட்டு வாங்க தம்பி. மறுநாளே எல்லா ரூம்லயும் மாட்டிப்புடுவோம். தீவாளி சீசன் வருதுல்ல!"

3

(இங்கே ஒரு காதல் வைக்கலாமா என்று பார்த்தேன். பையனுக்குத் தூங்கவே நேரமில்லை. விட்டுவிட்டேன்.)

வெயிலுக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் சோதித்தபோதுதான் சவரியப்பன் பார்த்தான். மணி அதிரும் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருக்கும் முனையில் ஒரு நீலப் பொறி. மின்சார மணி என்றால் அப்படித்தான். முதல் வருஷப் பாடம். உரசிப் பொறி பறக்கும் என்று கொலுசோடு ஒருத்தியைக் கலவை அறைக்குள் விடாத ஊரில் பிறந்தவன், நெருப்புக்கு எச்சரிக்க நெருப்புப் பொறி விடும் பெட்டியைச் செய்து வைத்திருக்கிறான். பெட்டியை வெளியே வைத்து நீளமாக வயர் இழுத்துப் பார்த்தான். அந்தச் சொற்ப மின்சாரம் வழியிலேயே கசிந்துபோனது. மணி அடிக்கவில்லை.

"இது ஆகாதுக்கா."

"போட்டிக்கு ஆகும்லலே?"

"போட்டிக்கு ஆகும். ஆனா ஜெயிச்சா முதலாளி மாட்டிப்புடுவாரே."

டியூட்டி முடிந்து வந்த ஞானஜோதி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தாள். [என் சுவர்தான்.]

"வார்டுல கட்டில் இல்லலே. ரெண்டு பேரைத் தரையில போட்டிருக்கு."

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொன்னான், நேர்மையை மெச்சிப் பரிசையும் கொடுத்தார்கள். [எழுதிவிட்டுப் படித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.]

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஜெயித்தான். ஐப்பசியில் தாயில்பட்டியில் ஒரு மத்தியான வேளை... இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.

போட்டிக்குக் கூடப் போய்வந்த ஞானஜோதி சொன்னது இவ்வளவுதான். முன்வரிசையில் உக்கிரபாண்டி, மடியில் மாலையோடு. மணி கணீரென்று அடித்தது, கைதட்டினார்கள். மண்டபத்தில் நல்ல வெளிச்சம். பொறி யார் கண்ணிலும் படவில்லை. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டிருக்கிறார்: "இதில் குறை ஏதும் உண்டா?"

"அவன் என்னத்தா சொன்னான்?" என்றேன்.

"உங்களுக்கு வேற சோலியே இல்லையா மதினி?" ஞானஜோதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பெட்டி பரணில் கிடக்கிறதா, தாயில்பட்டிக்குப் போய்விட்டதா, தெரியாது. நடுவர் இன்னும் காத்திருக்கிறார். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன், ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த மணியை ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.