கட்டுக்கம்பி

ஒன்றிய அலுவலகக் கூட்ட மேடையில் இருந்த குடிநீர் என்ஜினியர் வடை எண்ணெய் ஒட்டிய விரல்களை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். மேசை நிறையப் பாட்டில்கள். பாதிக்கு மேல் ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடியைத் திருகி வைத்தவை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அழகம்மாள் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். வேப்பங்கரைப்பட்டி ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் அவள். சித்தாள் வேலையிலிருந்து இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம். காலையில் குழாயடியில் அவள் அண்ணன் பெண்டாட்டி மீனம்மாளே அவளுடைய மயிரைப் பிடித்து உலுக்கியிருந்தாள். "டேங்க் நெறயத் தண்ணிய வச்சுக்கிட்டு யாருக்குடி பூட்டி வைக்கிற?" மண்டை இன்னும் வலித்தது.

டேங்கில் தண்ணீர் இல்லை. நிறைந்ததாகக் காட்டும்படி செய்தவள் அவள்தான்.

டேங்கின் வெளிச்சுவரில் அளவுக்கோடுகள் உண்டு. அதில் ஓடும், முள் என்று சொல்லும் சிவப்பு இரும்புத் துண்டும் உள்ளே மிதக்கும் டப்பாவும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். தண்ணீர் ஏறினால் துண்டு கீழே இறங்கும். வற்றினால் உச்சிக்குப் போகும். தினமும் காலை ஏழு மணிக்கு அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். காலி என்று தெரிந்தால் ஒன்றியத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். அதனால் பங்குனி மாதம் ஊராட்சிச் செயலர் குணசேகரன் கட்டுக்கம்பியை அவள் கையில் கொடுத்தார். "ஏறி, கீழ்க்கோட்டுல இழுத்துக் கட்டிட்டு வா. நமக்கெதுக்கு வம்பு." கம்பி கட்டுவது சித்தாளுக்குப் புது வேலையா? நன்றாகவே முறுக்கிக் கட்டினாள். மறுநாளிலிருந்து அவள் போட்டோவுக்குக் கட்டைவிரல் படங்கள் வந்தன.

அந்தப் போட்டோக்கள் இப்போது திரையில் வரிசையாக ஓடின. இது கோடைக்கான ஒருங்கிணைப்புக் கூட்டம். ஒரே பைப் லைன். அதில் பேரூராட்சிக்கு எத்தனை நாள், ஊராட்சிகளுக்கு எத்தனை நாள் என்று பிரிக்க வேண்டும். பைப்பின் கடைசியில் இருப்பது வேப்பங்கரைப்பட்டி. நான்கு நாளைக்கு ஒரு முறை, அதுவும் நூல் மாதிரிதான் வரும்.

"வேப்பங்கரைப்பட்டி சர்ப்ளஸ்" என்றார் என்ஜினியர். "ரெண்டு மாசமா டேங்க் ஃபுல். அவங்க முறைய ஆவணி வரைக்கும் பேரூராட்சிக்கு மாத்திருவோம்."

பேரூராட்சிக்காரர் முதலில் கை தட்டினார். குணசேகரனும் தட்டினார். தட்டிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்து, "கேட்டா ஆமான்னு தலையாட்டு, போதும்" என்றார்.

அழகம்மாள் எழுந்தாள். "சார், அந்த டேங்குல தண்ணி இல்ல. முள்ளக் கம்பியால கட்டி வச்சிருக்கு. நாந்தான் கட்டுனேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள்.

"அப்ப ரெண்டு மாசமா பொய்ப் போட்டோ போட்டியாம்மா?" என்றார் என்ஜினியர். "ஒன் மேலல்ல நடவடிக்கை எடுக்கணும்? செயலர், என்னங்க இது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றார் குணசேகரன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"என்ன ஏதுன்னு எழுதிக் குடுங்க. அடுத்த மாசக் கூட்டத்துல பாப்போம்."

"அதுவரைக்கும் சனம் எதக் குடிக்கும் சார்?" என்றாள் அழகம்மாள்.

என்ஜினியர் கையிலிருந்த பட்டனை அழுத்தினார். திரையில் அடுத்த ஊரின் டேங்க் வந்தது. அதுவும் நிறைந்திருந்தது. எத்தனை ஊரில் எத்தனை கம்பியோ என்று நினைத்தாள். அதில் ஒன்றைக் கட்டியவள் அவள்.

கூட்டம் முடிந்து அவள் நின்றிருந்த பஸ் ஸ்டாண்டில் குணசேகரன் பைக்கை நிறுத்தினார். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நாளைக்கும் முள்ளு கீழதான் இருக்கணும். மேல போச்சு, வால்வு சாவிய ஆபீஸ்ல வச்சுட்டுப் போயிரு. சித்தாளுக்கு எங்கிட்டும் வேலை கெடைக்கும்."

அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குழாயடியில் குடங்கள் காலையில் வைத்த வரிசையிலேயே கிடந்தன. வீட்டுக்குப் போகாமல், மோட்டார் ரூமிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"ஏண்டி, இப்ப என்னத்தப் பூட்டப் போற?" என்று கீழேயிருந்து மீனம்மாள் கத்தினாள்.

கம்பி துருவேறி இறுகியிருந்தது. அவளே முறுக்கிய முறுக்கு. மூன்று தடவை நசுக்கிய பிறகுதான் அறுந்தது. சிவப்புத் துண்டு அவள் முகத்தை உரசிக்கொண்டு சர்ரென்று உச்சிக்குப் பாய்ந்தது. உள்ளே, காய்ந்த தரையில் டப்பா விழுந்த சத்தம் டேங்க் முழுக்க அதிர்ந்து ஊருக்கே கேட்டது.

குழாயடியில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். மீனம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "இருடி, நானும் வந்து பாக்குறேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏணியின் முதல் கம்பியில் கால் வைத்தாள்.