எண்பத்தெட்டில் இரண்டு பேர்

கணினித் திரையில் ஐம்பத்தொன்பது என்று வந்ததும் எழுத்தரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வருஷம் வெறும் நாற்பத்தொன்று! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒரு செருப்பு மேஜைக்கடியிலேயே கிடக்க, ஐந்தாம் வகுப்பை நோக்கி ஓடினாள். பாதித் தாழ்வாரத்தில்தான் மண்டையில் உறைத்தது. அறுபது வந்தால்தானே பள்ளிக்கூடம் பிழைக்கும்?

மேலிடத்துக் கடிதம் அப்படித்தான் சொன்னது. கணக்கில் தேர்ச்சி அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவார்களாம். விவரங்களில் திருத்தம் இருந்தால் இன்று நாலு மணிக்குள் செய்ய வேண்டும். எந்த மகராசன் குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதினானோ! பெற்றோர் தொழில் என்ற கட்டத்தை வருஷா வருஷம் நிரப்புகிறவள் இவள். முக்கால்வாசிப் பிள்ளைகளின் அப்பா அம்மா விடியும் முன்னே கூலி வேலைக்குக் கிளம்புகிறவர்கள். வீட்டில் பேசும் மொழியே நாலு வகை. அந்தச் சாலையைத் தாண்டி இதுகளை யார் கூட்டிக்கொண்டு போவது? பாதிப் பேர் படிப்புக்கே முழுக்குப் போட்டுவிடுவார்கள்.

"டீச்சர், ஐம்பத்தொம்பது!"

பெரிய டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். தலைமையாசிரியையும் அவரே, ஐந்தாம் வகுப்புக்கு டீச்சரும் அவரே. "அடேயப்பா! அப்புறம் ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு?"

"அறுபது வேணுமே டீச்சர்."

இருவரும் அலுவலக அறைக்கு வந்து பட்டியலை விரித்தார்கள். பரீட்சை எழுத வேண்டியவர்கள் எண்பத்தெட்டு. தேறியவர்கள் ஐம்பத்திரண்டு. எழுத்தரம்மாவின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கிவந்து இரண்டு பெயர்களில் நின்றது.

"வாலுங்க ரெண்டும்!" என்று கத்தினாள். "பரீட்சைக்கு வரலைன்னு ஃபெயில்ல சேர்த்திருக்காங்க டீச்சர்!" கால்குலேட்டரை எடுத்து எண்பத்தாறு வைத்துப் போட்டுப் பார்த்தாள். "அறுபது புள்ளி நாலு! டீச்சர், தப்பிச்சோம்!"

பெரிய டீச்சர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

பெரிய வாலு, சின்ன வாலு என்று பள்ளி முழுக்கப் பெயர் எடுத்த இரட்டைப் பிள்ளைகள் அவர்கள், அக்காவும் தம்பியும். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் கட்டட வேலையோடு வேறு ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். ஆனால் பெரிய டீச்சர் தினமும் காலையில் அந்த இரண்டு பெயரையும் கூப்பிடுவார். மொத்த வகுப்பும் ராகம் போட்டு, "வருவாங்க டீச்சர்!" என்று கத்தும். அதைக் கேட்டால்தான் எழுத்தரம்மாவுக்கே பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

"பேரை அடிக்க மாட்டேன்" என்றார் பெரிய டீச்சர். "ரெண்டும் ஒரு நாள் திரும்பி வந்து வாசல்ல நிக்கும். உங்களுக்கு இங்க இடமில்லைன்னு நான் சொல்லணுமா?"

"அதுங்க வர்றப்ப பள்ளிக்கூடமே இருக்காது டீச்சர்!"

பதினைந்து வருஷத்தில் இவள் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மணி மூன்றே கால்.

பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற பள்ளிக்கூடத்துல படிக்கிறாங்கன்னு அப்பாவோ அம்மாவோ சொன்னாத்தான் பேரை எடுக்கலாம். அதுதான் விதி. போனைப் போடு."

முதல் தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே பிள்ளைகளின் அப்பா குரல் கேட்டது.

"டீச்சரா! நானே வரணும்னு இருந்தேன், ஒரு நாள் லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க. பிள்ளைங்க இங்க பள்ளிக்கூடத்துக்குப் போகுதுங்க. ஆனா அங்க பேரு இருக்கிறதால இங்க சேர்க்க முடியாதாம். பாவம் பார்த்துக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. புத்தகமும் கிடையாது. பரீட்சை எழுதினாலும் மார்க் போடலை."

பெரிய டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். பெரிய வாலுதான். அங்கே பள்ளி மூன்று மணிக்கே விடுகிறதாம், அப்பாவிடம் வந்திருக்கிறாள்.

"டீச்சர், எங்க பேரை இன்னும் கூப்பிடுறீங்களா?"

"தினமும் கூப்பிடுறேன் கண்ணு."

"இங்க கூப்பிடவே மாட்டேங்கிறாங்க டீச்சர்."

அவ்வளவுதான். பெரிய டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். வருகைப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து, தன் கையாலேயே, இரண்டு பெயருக்கும் குறுக்கே கோடு போட்டார். "ரெண்டு பேரோட மாற்றுச் சான்றிதழையும் முதல்ல அனுப்பு. சதவீதத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"மணி மூணே முக்கால் டீச்சர்!"

"பரவாயில்லை, முதல்ல அதை."

எழுத்தரம்மாவின் விரல்கள் பறந்தன. சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்தன. மூன்று ஐம்பத்தாறுக்குத் திருத்தமும் போனது. திரை ஒரு நிமிஷம் வெள்ளையாக நின்று அவள் உயிரை வாங்கியது. பிறகு பச்சை எழுத்தில் அறுபது புள்ளி நாலு. அவள் போட்ட கூச்சலில் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டன. எதற்கென்று தெரியாமலே அவையும் குதித்தன. பெரிய டீச்சர் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. கோடு போட்ட இடம் வந்ததும் பெரிய டீச்சரின் வாய் பழக்கத்தில் கூப்பிடப் போய் நின்றது. பிள்ளைகளும் பழக்கத்தில், "வருவாங்க டீச்சர்!" என்று கத்திவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தன.

அந்த நேரம் பார்த்து எழுத்தரம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இந்தத் தடவை இரண்டு காலிலும் செருப்பு இல்லை.

"டைல்ஸ்காரர் டீச்சர்! அங்க வகுப்பு ஜன்னலுக்கு வெளியில நிக்கிறாராம். கேளுங்க!"

பெரிய டீச்சர் போனைக் காதில் வைத்தார். தூரத்தில் யாரோ ஒரு டீச்சர் பெயர் கூப்பிடுவது கேட்டது. அதைத் தொடர்ந்து, கூரையே பிய்த்துக்கொள்கிற மாதிரி, அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல்: "உள்ளேன் டீச்சர்!"