ஐந்தாம் வரிசை, நடு சீட்டு

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிவிட்டது. குடியிருப்பில் இன்னமும் எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் நின்றே உலகம் பார்த்த மனிதர், முதல் தடவையாக விமானத்தில் உட்கார்ந்து போகப்போகிறார். மகன் சலுகை விலையில் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். கடல் தாண்டி ஓர் ஊர், மூன்று நாள். என்ன ஊர், என்ன இருக்கிறது என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"பிளேன்ல எவ்வளவு நேரம்டா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு மணி நேரம்பா."

உடனே சரி என்றுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

மனைவி போய்ப் பதினான்கு மாதம். வீட்டில் மிச்சம் இருப்பது அப்பனும் பிள்ளையும். அவன் குளிக்கும்போது இவர் சாப்பிடுவார், இவர் வெளியே வந்தால் அவன் அறைக்குள் போய்விடுவான். "அன்னைக்கு ஆஸ்பத்திரில..." என்று இவர் வாயெடுத்தாலே போதும், அவனுக்குப் போன் வந்துவிடும். போன் வராவிட்டால் வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டியிருக்கும். விமானத்தில் போன் வராது, பெட்ரோல் போடவும் இறங்க முடியாது. இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார் மனுஷன்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி. அவள் மூச்சு அடங்கிய நாளில் அவர் வெளியூர் சர்வீஸில் இருந்தார். பாதி வழியில் மகன் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா, உடனே வாங்க" என்றான். பஸ்ஸில் அறுபது பேர். "டிரிப்ப முடிச்சுட்டு வந்துடறேன்டா" என்று சொல்லிவிட்டார். டிரிப் முடிந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். கடைசி வரை பக்கத்தில் இருந்தவன் மகன் ஒருவன்தான். அவள் தன்னைக் கேட்டாளா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

விமான நிலையத்தில் பயணச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். மகனுக்கு ஐந்தாம் வரிசை ஜன்னல். அவருக்கு இருபத்தேழாம் வரிசை நடுவில்.

"என்னடா இது, அப்பன ஒரு மூலையிலயும் பிள்ளைய ஒரு மூலையிலயும் போட்டிருக்கான்?"

"சேர்ந்து உக்காரணும்னா தனியா காசு கட்டணும்பா. இல்லேன்னா கம்ப்யூட்டர் போடற இடந்தான். விடுங்க, மூணு மணி நேரம்தானே."

 அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

இருபத்தேழாம் வரிசையில் முழங்கால் முன்சீட்டில் இடித்தது. சீட்டைச் சாய்க்க வழியில்லை, தண்ணீர்கூட விலைக்குத்தான். ஜன்னலோரம் இருந்த புதுக் கல்யாணப் பெண் எட்டி எட்டி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரம்மா தேடற?"

"அவர் பதினொண்ணாவது வரிசைல மாட்டிக்கிட்டாரு அங்கிள்."

கண்டக்டருக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. ஆளை நகர்த்தி ஆளை உட்காரவைப்பது அவருக்குக் கைவந்த கலை. பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து ஒரு சுற்று நோட்டம் விட்டார். மகனுக்குப் பக்கத்தில், நடு சீட்டில், ஒரு கனத்த மனிதர் இரண்டு கைப்பிடிக்கும் இடையில் பிதுங்கிக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளையின் சீட்டோ நடைபாதை ஓரம், தாராளமாகக் கால் நீட்டலாம். மகன் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க பதினொண்ணுக்குப் போயிடுங்க, காத்தாட உக்காரலாம். தம்பி, நீங்க இருபத்தேழு, வீட்டுக்காரம்மா காத்துக்கிட்டிருக்காங்க. உங்க இடத்துக்கு நான் வந்துடறேன் சார். ஐயாவுக்கு வழி விடுங்க, அப்படியே உள்ள போங்க, உள்ள போங்க!"

விமானப் பணிப்பெண் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் இடம் மாறி முடிந்திருந்தது. மூவரில் இருவருக்கு வாயெல்லாம் பல். மூன்றாமவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தாம் வரிசைக்கு வந்தார். ஓரத்து சீட்டுப் பெண் காதில் பாட்டோடு ஒதுங்கி வழிவிட்டாள். அவர் உட்கார்ந்து திரும்பினார்.

மகன் கண்ணை மூடியிருந்தான். போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை பேர் அவரிடம் இப்படித் தூங்கியிருக்கிறார்கள்! டிக்கெட் எடுக்காதவன் தூங்குவான், கைப்பிள்ளைக்காரிக்கு இடம் கொடுக்க மனசில்லாதவன் தூங்குவான். நிஜமாகத் தூங்குகிறவனுக்குத் தலை ஒரு பக்கம் சரியும், இமை சும்மா கிடக்கும். பாசாங்குக்காரனின் தலை நேராக இருக்கும், இமை மட்டும் துடிக்கும். தோளில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பிவிடுவார். ஒருத்தனையும் அவர் விட்டதில்லை.

மகனின் தலை நேராக இருந்தது.

அவருக்கு முதலில் கோபந்தான் வந்தது. பெற்ற பிள்ளை, அப்பன் வருவதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறான். பிறகு கோபம் போய் நெஞ்சு வலித்தது. தட்டுவதற்குத் தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டார். எழுப்பினால் எழுவான். எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவான்.

தூங்குகிறவனிடம் கேட்டால் காதில் விழாது. இவன் காதில் விழும். குனிந்து, பக்கத்துப் பெண்ணுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அம்மா என்னைக் கேட்டாளாடா?"

மகன் அசையவில்லை. துடித்துக்கொண்டிருந்த இமை இறுகியது.  பிறகு மூடிய இமையின் ஓரத்தில் நீர் கசிந்து, மூக்கோரமாக வழிந்து, மேலுதட்டில் நின்றது. அதைத் துடைக்க அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும்.

கேட்டிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, பல தடவை கேட்டிருப்பாள். இவனும் ஒவ்வொரு தடவையும், அப்பா வந்துகிட்டே இருக்காரும்மா என்று சொல்லியிருப்பான். பதினான்கு மாதமாக அதை அப்பனிடம் சொல்லாமல் காப்பாற்றிக்கொண்டு அலைந்திருக்கிறான். அல்லது மன்னிக்க முடியாமல் அலைந்திருக்கிறான். இரண்டில் எது என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இனி தெம்பில்லை.

கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவனும் அப்படியே இருந்தான். இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி. அதுவரைக்கும் ஒருவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே இருப்பதென்றால் லேசான காரியமா?

மெதுவாக எழுந்து, யார் காலையும் மிதிக்காமல் வெளியே வந்தார். கடைசியில் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருந்தது. அங்கே உட்காரலாமா என்று பணிப்பெண்ணிடம் கேட்டார்.

"இப்பத்தானே சார் ரெண்டு பேரை எழுப்பி அந்த இடத்துக்குப் போனீங்க. அந்த சீட்ல என்ன பிரச்னை?"

"சீட் நல்ல சீட்தாம்மா," என்றார் கண்டக்டர். "நான் அங்க இருந்தா என் பையன் கண்ணத் திறக்க மாட்டான்."