இல்லை என்ற கட்டம்

எனக்கு வாய் நீளம். மற்றவர்கள் சொல்லமுதல் நானே சொல்லிவிடுகிறேன். கலியாணமான இருபத்தொன்பது வருடமும் அந்த வாயால்தான் என் மனுசன் இரத்தினவேலை அரித்துக்கொண்டிருந்தேன். "ஒரு ஃபோர்ம் நிரப்பத் தெரியாது, வந்த கடிதத்தை உடைச்சுப் பாக்கமாட்டியள், எல்லாத்துக்கும் மலர்தான் வேணும்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு கடிதத்தை என் கையில் தருவார்.

அவருக்குப் பிறம்ரன் நகரில் வெயர்ஹவுஸ் வேலை. ஸ்ரிக்கரின் நிறத்தையும் கடைசி மூன்று இலக்கத்தையும் வைத்தே ஒரு பெட்டி பிழைக்காமல் அடுக்குவார். வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரையும் போலத் தேவாரப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பார். பாடுவது முழுக்க மனப்பாடம். அவருக்கு எழுத்து ஏறாது என்பது எனக்குக் கலியாணமான முதல் மாதமே தெரியும். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பிள்ளைகளுக்குக்கூட, அப்பாவுக்கு நேரமில்லை, அப்பாவுக்குக் களைப்பு என்று சொல்லியே வளர்த்தேன்.

சின்னவள் லக்சிகா கொலிஜில் முதலாம் வருடம். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் ஒப்புவிப்பாள், தாளில் ஒன்றும் வராது. இரண்டு பாடம் ஃபெயில். ஒருநாள் புத்தகப் பையைக் கராஜுக்குள் எறிந்துவிட்டு வந்தாள்.

"ஐ ஆம் ஜஸ்ட் ஸ்ரூப்பிட், அம்மா. நான் இனிப் போகமாட்டன்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை.

கொலிஜில் ஒரு நல்ல மனுசி அவளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஓர் உளவியலாளரிடம் அனுப்பினாள். மில்லிக்கனில் பிளாசா ஒன்றின் மேல்மாடியில் சின்ன ஒஃபிஸ். தாய் தகப்பன் நிரப்ப வேண்டிய ஃபோர்ம் மட்டும் பன்னிரண்டு பக்கம். வழக்கம்போல நான்தான் சாப்பாட்டு மேசையில் இருந்து நிரப்பினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி. குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்க, எழுதச் சிரமம் இருந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

அந்தக் கிழமைதான் மூத்தவள் நிரூபாவுக்கு ஸ்ரௌவ்வில்லில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல குடும்பம், குறிப்பும் பொருந்திவிட்டது. கலியாணம் பேசும்போது எங்கள் சனம் எதைக் கிண்டும் என்று எனக்குத் தெரியாதா? யாருக்குச் சலரோகம், யாருக்கு வலிப்பு, யாருக்கு மண்டைப் பிழை என்று மூன்று தலைமுறைக்கு விசாரிப்பார்கள். பரம்பரை என்று ஒரு கதை வெளியே போனால் போதும். இல்லை என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு ஃபோர்மை அவர் பக்கம் தள்ளினேன்.

"என்ன எழுதியிருக்கிறீர்?" என்று கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறன். கையெழுத்தை வையுங்கோ."

வைத்தார். அது ஒன்றுதான் அவருக்கு அழகாக வரும்.

மூன்று கிழமையால் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம். டிஸ்லெக்சியா என்றாள் அந்த உளவியலாளர் பெண். பிள்ளையின் அறிவு சராசரிக்கு மேலே, எழுத்தைப் பிடிக்கிற வழிதான் வேறு என்று விளக்கினாள். சோதனைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பார்களாம். பாடத்தை வாசித்துக் காட்டும் கொம்பியூட்டர் தருவார்களாம். லக்சிகா விம்மி விம்மி அழுதாள். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். "இது பெரும்பாலும் குடும்பத்தில் வரும். ஒருவரும் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள், அப்படித்தானா?" என்று அவள் கேட்டாள்.

லக்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, சின்ன வயசிலை உங்களுக்கும் இப்பிடி இருந்ததோ?"

யாராவது ஒருவர் ஓம் என்று சொல்லமாட்டார்களா என்று அந்த முகம் ஏங்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

"அப்ப நான் மட்டும்தான்," என்றாள் காருக்குள். ஸ்ரீல்ஸ் ரோட்டில் பச்சை விழுந்தும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னுக்கு ஹோர்ன் அடித்தார்கள். "எடுங்கோவன், என்ன நித்திரையோ?" என்று அதற்கும் நான்தான் ஏசினேன்.

ஸ்ரௌவ்வில் சம்பந்தம் குழம்பிப்போனது. பெண் உயரம் காணாதாம். கோதாரி, இதற்காகவா நான் அந்தச் சரியைப் போட்டேன்?

ஒரு ஞாயிறு மத்தியானம். லக்சிகாவின் கொம்பியூட்டர் பாடம் வாசித்துக்கொண்டிருந்தது. வாசிக்கிற சொல் மேலே மஞ்சள் ஓடிக்கொண்டே போகும். அவர் அவளுக்குப் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தேத்தண்ணியோடு, அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உது தமிழும் வாசிக்குமோ?"

"வாசிக்கும் அப்பா. ஏன்?"

எழும்பிப் போய்த் தேவாரப் புத்தகத்தை எடுத்துவந்தார். "பக்கத்திலை நிக்கிறவையைப் பாத்துத்தான் நான் புத்தக ஒற்றை பிரட்டுறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயசாச்சு. எந்தப் பக்கம் பாடுகினம் எண்டு ஒருநாளும் தெரியேல்லை."

லக்சிகா கொம்பியூட்டரை நிறுத்தினாள். அடுப்படியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு இது தெரியுமோ?"

"அப்பாவுக்குக் களைப்பு," என்றேன். பாவி வாய், பழகிப்போன பொய்யைத் தானாகவே சொன்னது.

"களைப்பில்லை மலர்," என்றார் அவர். இருபத்தொன்பது வருடத்தில் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஓம் பிள்ளை. எனக்கும் உன்னைப் போலத்தான்."

அவள் தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவரும் அழுதார். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் வெட்டிய வெங்காயத்தையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது வீட்டுக்குக் கடிதம் வந்தால் அவர் என்னிடம் தருவதில்லை. நான் பக்கத்தில் இருந்தாலும் தருவதில்லை. மேசையில் வைத்துவிட்டு, லக்சிகா கொலிஜால் வரும்வரைக்கும் காத்திருக்கிறார்.